பல்லாவரத்துக் கல்லும் மூன்று பெண்களும்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டையும் மற்றவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு கல் தொட்டியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். நான் வரலாறு படித்தவன் இல்லை, பாதிரியாரும் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் டூல் ரூமிலேயே காலம் தள்ளுகிறவன். ஒரு பொருளைப் பார்த்தால் இது எதனால் செய்தது, எப்படிக் குடைந்தார்கள், எத்தனை கிலோ இருக்கும் என்றுதான் என் புத்தி போகும். அந்தப் புத்தியோடு சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்துக்குப் போனபோதுதான் இந்தத் தொட்டி என்னைப் பிடித்துக்கொண்டது.

கறுப்புக் கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி அது. 1680-களிலிருந்து அங்கே இருக்கிறது. நம் கத்தோலிக்க நண்பர்கள் திருமுழுக்குத் தொட்டி என்பார்கள். கேரளத்துக்காரர்கள் மாமோதீசா என்பார்கள். குழந்தையைச் சபையில் சேர்க்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கான பாத்திரம், அவ்வளவுதான்.

இதன் வேர் ஐரோப்பாவின் இடைக்காலத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள்; அதனால் தரையில் குளம் மாதிரி படிகள் வைத்துக் கட்டினார்கள். பிறகு குழந்தைகளுக்கே கொடுப்பது வழக்கமானதும் குளம் சுருங்கித் தொட்டியாகி, தரையிலிருந்து மேலே எழுந்து நின்றது. இங்கிலாந்தில் 12-ஆம் நூற்றாண்டுத் தொட்டிகள் இன்றைக்கும் பல ஊர்களில் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை நமக்கு ரொம்ப வேண்டியது. பெல்ஜியத்தில் தூர்னே என்ற ஊரில் கிடைக்கும் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கி, ஆற்று வழியாகக் கொண்டுவந்து, கடல் தாண்டி இங்கிலாந்தில் இறக்கினார்கள். அப்படிப் போனவை ஏழெட்டு இன்னும் மிஞ்சியிருக்கின்றன. வின்செஸ்டர் பேராலயத்தில் இருப்பது பெயர் பெற்றது. புனித நிக்கோலாவின் கதை அதன் பக்கங்களில் செதுக்கியிருக்கிறது. நல்ல கறுப்புக் கல்லுக்காக 900 வருஷத்துக்கு முன்னாலேயே இறக்குமதி நடந்திருக்கிறது பாருங்கள்.

அந்தத் தொட்டிகளுக்கு மூடியும் பூட்டும் உண்டு. மந்திரித்த தண்ணீரை ஜனங்கள் மாந்திரீகத்துக்குத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று, 1236-ல் கேண்டர்பரி பேராயர் எட்மண்ட் தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சுண்ணாம்புக்கல் தண்ணீரை உறிஞ்சும், அதனால் உள்ளே ஈயத் தகடு அடிப்பதும் வழக்கம். 1604-ல் இங்கிலாந்துத் திருச்சபை தன் சட்டத்தில் ஒரு விதி எழுதியது: ஞானஸ்நானம் கொடுக்கும் ஒவ்வொரு கோவிலிலும் கல்லால் ஆன தொட்டி இருக்க வேண்டும், பழைய வழக்கப்படியான இடத்தில் இருக்க வேண்டும். நாற்பது வருஷம் கழித்து உள்நாட்டுப் போர் வந்தது. தூய்மைவாதிகள் இதெல்லாம் பழைய மூடப் பழக்கம் என்று தொட்டிகளை உடைத்தார்கள், வெளியே தள்ளினார்கள். சில ஊர்களில் மாடு குதிரைகள் அதில் தண்ணீர் குடித்தன. 1660-ல் அரசர் திரும்பி வந்ததும், தூக்கிப் போட்டதைத் தேடி எடுத்துக் கழுவி மறுபடி நிறுத்தினார்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு இருபதே வருஷம் கழித்துத்தான் நம் கோட்டைக்குள் கோவில் எழும்புகிறது. அடிக்கல் 1678 மார்ச் 25. பிரதிஷ்டை 1680 அக்டோபர் 28. கவர்னராக இருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் கம்பெனியின் அனுமதிக்குக் காத்திராமல் சந்தா வசூலித்துக் கட்டியது. சுவர் நாலடி கனம். மேலே மரமே கிடையாது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி செங்கலும் சுண்ணாம்பும் வைத்து வளைவாகக் கட்டிய கூரை. (விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கோவில் எடுத்தேன் என்று கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான். அவன் தவிர்த்த செங்கலையும் சுதையையும் மட்டும் நம்பி இவர்கள் கட்டினார்கள். இரண்டும் நிற்கின்றன.) கோவில் திறந்த அடுத்த வாரமே, நவம்பர் 4-ம் தேதி, எலிஹு யேல் அங்கே கல்யாணம் பண்ணிக்கொண்டார். பிற்பாடு இவர் பெயரில்தான் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம்.

கோவிலுக்குக் கல் தொட்டி வேண்டும், சட்டம் அப்படி. லண்டனிலிருந்து கப்பலில் வரவழைக்கலாம். ஆனால் கோட்டையிலிருந்து தெற்கே நாலு காத தூரம் கூட இல்லை, பல்லாவரம் மலை நிற்கிறது. அங்கிருந்து வந்த கல்தான் அந்தத் தொட்டி. செய்தவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்தக் கல்லைக் குடையத் தெரிந்தவர்கள் அன்றைக்கு இந்த வட்டாரத்துக் கல்தச்சர்கள்தானே. நம் வீட்டு உரலும் ஆட்டுக்கல்லும் என்ன? அதே வேலைதான். வெளியே உருண்டை, உள்ளே குழி. வெள்ளைக்காரர் படம் போட்டுக் காட்டியிருப்பார். நம்ம ஆள் மனசுக்குள்ளே "ஓ, ஆட்டுக்கல்லைக் கொஞ்சம் உயரமாக் கேக்கறாங்க" என்று நினைத்திருப்பார். இது என் ஊகம், சரித்திரம் இல்லை.

மாணவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கல் ஒரு கன அடி சுமார் 76 கிலோ. மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி பாளம் என்றால் 27 கன அடி, இரண்டு டன்னுக்கு மேல். அதில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. சாதாரண இரும்பு உளி அதன் மேல் வழுக்கும். அதனால் வெட்ட முடியாது, கொத்தித்தான் எடுக்க வேண்டும். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடித்துப் பாளத்தைப் பிளப்பது, பிறகு பொடிப் பொடியாக உதிர்த்து உள்ளே இறங்குவது, உளி மழுங்கியதும் உலையில் காய்ச்சித் தட்டித் துவைச்சல் போடுவது, கடைசியில் குருந்தக்கல் தூள் போட்டுத் தேய்ப்பது. டூல் ரூமில் எங்களுக்கு ஒரு பாகம் கெட்டால் இன்னொரு பிளாங்க் எடுத்துப் போடுகிறோம். தொட்டியில் அப்படி இல்லை. கடைசி நாள் ஓர் அடி தப்பாகப் பட்டு விளிம்பு தெறித்தால் அத்தனை மாத வேலையும் போச்சு. இங்கிலாந்துச் சுண்ணாம்புக்கல் மாதிரி இது தண்ணீரையும் குடிக்காது.

இந்த ஊரில் கல்லும் கிறிஸ்தவமும் சேர்வது கம்பெனிக்காரர்கள் காலத்தில் ஆரம்பித்ததும் இல்லை. பரங்கிமலை மேலே 1547-ல் போர்ச்சுகீசியர்கள் கோவிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. சுற்றிலும் பஹ்லவி எழுத்து, அதாவது பழைய பாரசீகம். 7-லிருந்து 9-ஆம் நூற்றாண்டுக்குள் என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். நம்மிடம் இடைக்காலக் கிறிஸ்தவக் கல் என்று சுட்டிக் காட்ட அதுவே போதும். கேரளத்தின் பழைய பள்ளிகளிலும் ஒரே கருங்கல்லில் குடைந்த தொட்டிகள் உண்டு. வழவழப்பாக விடாமல் வெளிப்பக்கம் சிலுவையும் உருவங்களும் செதுக்கியிருப்பார்கள். கோட்டைத் தொட்டி அவ்வளவு அலங்காரம் இல்லாதது. ஆனால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஜாப் சார்னாக் என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஏஜெண்ட். பாட்னாவில் வெடியுப்பு வியாபாரம் பார்த்துப் பல வருஷம் கழித்தவர். அங்கே ஓர் இந்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். உடன்கட்டை ஏறப் போனவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உலவும். கதை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பெண் குழந்தைகள். 1686-ல் கம்பெனிக்கும் மொகலாயருக்கும் சண்டை வந்தது. கம்பெனி தோற்று, வங்காளத்தை விட்டு ஓடி, 1689 தொடக்கத்தில் கப்பல்களில் இங்கே வந்து இறங்கினார்கள். சார்னாக்கும் வந்தார், மூன்று பெண்களும் வந்தார்கள்.

1689 ஆகஸ்ட் 19. புனித மரியாள் கோவிலில் மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம். மேரி, எலிசபெத், கேதரின். பச்சைக் குழந்தைகள் இல்லை. விவரம் தெரிந்த பெண்கள்.

அந்த நாள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுக்கு அது வெறும் சடங்கு இல்லை. அன்றைய கோட்டைச் சமூகத்தில் ஞானஸ்நானம் ஆனால்தான் நீ உள்ளே. கல்யாணம், சொத்து, கடைசியில் புதைக்கும் இடம் வரை அதை வைத்துத்தான். தாய் இந்துஸ்தானி, தகப்பன் இங்கிலீஷ்காரன், ஊர் விட்டு ஊர் வந்த அகதிகள் மாதிரி நிலைமை. தொட்டியின் இந்தப் பக்கம் இருந்தவரை யாரோ. அந்தப் பக்கம் வந்ததும் மிஸ் சார்னாக். நம் காலத்தில் ஆதார் அட்டைக்கு அலைகிறோமே, அதைப் பத்து மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மேரி, கம்பெனியின் சார்லஸ் அயரைக் கட்டிக்கொண்டாள். பிற்பாடு வங்காளத்தில் மாமனார் இருந்த பதவிக்கு வந்தவர் அவர். மற்ற இருவருக்கும் கம்பெனி வட்டாரத்திலேயே இடம் அமைந்தது. மூன்று பெண்களின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது. பெற்றவள் பெயர் மட்டும் நம் கைக்கு வந்து சேரவில்லை. அவளை அவள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யாரும் குறித்து வைக்கத் தோன்றாமல் போனது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

பதினெட்டு வருஷம் கழித்து, 1707 மே 12-ம் தேதி, தரங்கம்பாடியில் சீகன்பால்கு கையால் ஐந்து தமிழர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தண்ணீர் அதே தண்ணீர்தான். சார்னாக் பெண்களுக்குக் கோட்டை வீட்டுக் கதவு திறந்தது. இவர்கள் கோவிலை விட்டு வெளியே வந்ததும் எஜமானர் வீட்டு வாசலுக்கே திரும்பினார்கள். தொட்டியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

சார்னாக் இங்கே இருந்தது ஒன்றரை வருஷம் கூட இல்லை. 1690-ல் சமாதானம் ஆனதும் வங்காளம் திரும்பி, ஆகஸ்ட் 24-ம் தேதி ஹூக்ளிக் கரையில் சூதாநுட்டியில் இறங்கினார். அந்த இடம்தான் கல்கத்தாவாக வளர்ந்தது. 1693 ஜனவரியில் இறந்தார். மருமகன் அயர் ஒரு சமாதி மண்டபம் எழுப்பினார். கல்கத்தா புனித யோவான் கோவில் வளாகத்தில் இன்றும் இருக்கிறது. கோவிலை விட மண்டபம் பழசு. மேலே போடக் கல் வேண்டுமே? கங்கைச் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது, தோண்டினால் வண்டல்தான் வரும். மதராஸிலிருந்து கல் போனது. அதே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கறுப்புக் கல். நாலைந்து வருஷம் கழித்து மூத்தவள் மேரியும், 1701-ல் கேதரினும் அதே மண்டபத்தில் அப்பாவோடு போய்ச் சேர்ந்தார்கள். பெண்கள் எந்தக் கல்லின் மேல் குனிந்து பெயர் வாங்கினார்களோ, அதே மலைக் கல்லின் மேல் அப்பாவின் பெயரை வெட்டி வைத்தார்கள்.

இருநூறு வருஷம் அப்படியே போயிற்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் தாமஸ் ஹாலந்து என்று ஓர் இளம் விஞ்ஞானி. அவர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து பார்த்தார். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். சாதாரணக் கிரானைட்டில் அது இருப்பதில்லை. தனி இனம் என்று முடிவு செய்து, யார் சமாதியோ அவர் பெயரையே வைத்துவிட்டார்: சார்னாக்கைட். 1893-ல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழில் கட்டுரை, 1900-ல் பெரிய ஆய்வு நூல். அன்றிலிருந்து நார்வேயில் கிடைத்தாலும் பிரேசிலில் கிடைத்தாலும் அண்டார்டிகாவில் கிடைத்தாலும் இந்த வகைக் கல்லுக்கு உலகம் பூரா அதுதான் பெயர். நம் பக்கத்துக் கல்லின் வயது சுமார் 250 கோடி வருஷம். பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரி வெப்பத்தில் வெந்து, மெள்ள மெள்ள மேலே வந்தது.

ஒன்றரை வருஷம் கூடத் தங்காத ஒருவர் பெயரை 250 கோடி வருஷம் இருந்த கல் சுமக்கிறது. "பல்லாவரைட்" என்று வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இன்னொரு வேடிக்கை. 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஊரைத் தோற்றுவித்தவர் சார்னாக் என்று சொல்லக் கூடாது, அங்கே முன்பே ஊர் இருந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊர் கையை விட்டுப் போயிற்று, கல் போகவில்லை. 1975-ல் புவியியல் ஆய்வுத் துறை பல்லாவரம், பரங்கிமலைப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். செங்கல்பட்டு வட்டாரத்துப் பாறைகளில் பெரும்பகுதி இந்த இனம்தான். பாடலாத்ரி நரசிம்மரை எல்லோரும் சேவித்திருப்பீர்கள். மூலவர் பாறையிலேயே அமைந்தவர். அவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். தனியாகப் பிராகாரம் சுற்றி வர வழியில்லை, ஏனென்றால் சாமியும் மலையும் வேறு வேறு இல்லை. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இப்போது தர்காவாக இருக்கிறது. பரங்கிமலையில் சிலுவை. கோட்டையில் தொட்டி. நாலு இடத்திலும் உளி சத்தம் ஒன்றுதான் கேட்டிருக்கும்.

ஒரகடம் சாலையில் நிற்காமல் டிப்பர் லாரி போகிறதே, அதில் நீலம் கலந்த கறுப்பாக ஜல்லி இருக்கும். ப்ளூ மெட்டல் என்கிறோம். முக்கால் இன்ச், ஒன்றரை இன்ச் என்று யூனிட் கணக்கில் வாங்குகிறோம். இந்த வட்டாரத்து ப்ளூ மெட்டல் பெரும்பாலும் சார்னாக்கைட்தான். நான் வேலை பார்க்கும் ஷாப் ஃப்ளோரில் மெஷின் நிற்கும் அஸ்திவாரம் அதுதான். நம் விடுதிக் கான்கிரீட்டும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பல்லாவரம், திரிசூலம் பக்கம் மலை இருந்த இடங்களில் இப்போது ஆழமான கல்குட்டைகளில் தண்ணீர் நிற்கிறது. கல்லே எடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் சம்பளம் வாங்கும் கட்டிடமே அதில்தான் நிற்கிறது. ஆனால் சிவில் மாணவர்களைக் கேட்கிறேன்: எத்தனை பேர் ஜல்லியைக் கையில் எடுத்து அது என்ன கல் என்று பார்த்திருக்கிறீர்கள்? இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் குன்று முழுசாக இருக்கிறது, எது பாதி போயிற்று, எதில் பழைய உளிக் குறியோ எழுத்தோ இருக்கிறது என்று ஒரு வரைபடம் நம் கல்லூரியே போடலாம். சர்வே கருவிகள் இருக்கின்றன, சனிக்கிழமைகள் இருக்கின்றன. சங்கத்திலிருந்து வண்டிச் செலவை நாங்கள் சில பேர் பார்த்துக்கொள்கிறோம், செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

தொட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழி சுலபம். நம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறுங்கள். போகும்போது பல்லாவரமும் பரங்கிமலையும் ஜன்னலிலேயே தெரியும். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். உள்ளே தலைமைச் செயலகம், ராணுவம் எல்லாம் இருப்பதால் அடையாள அட்டை கேட்பார்கள், கல்லூரி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் முற்றத்தில் தரை முழுக்கப் பழைய கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். பெயர்களைப் படித்துக்கொண்டே மெதுவாக நடங்கள். உள்ளே போனால், அங்கே அது நிற்கிறது.

கேள்வி ஏதாவது இருந்தால் டீ நேரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.